பள்ளத்துப் பக்கம் அடித்த பந்து

கண்ணு,

இதைக் கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி. போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். "சாப்பிட்டியா சாமி" என்று கேட்கிற வரைக்கும் லைனில் இருக்கிறாய். "ஞாயித்துக்கெழம" என்று நான் ஆரம்பித்தாலே உனக்கு ஓசூரில் டவர் போய்விடுகிறது. உன் அம்மாவிடம் பேசும்போது மட்டும் அந்த டவர் எப்படித்தான் திரும்பி வருகிறதோ தெரியவில்லை. அவள்தான் சொன்னாள்: "ஏனுங்க, நீங்க போன்ல பேசுனா பாதியில ஒளறிருவீங்க, அவனும் வெச்சுருவான். எழுதிப் போடுங்க. எழுதுனா அவனால குறுக்க பேச முடியாது பாருங்க." பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டவன் நான். அதற்குப் பிறகு இவ்வளவு பெரிதாக எதையும் எழுதியதில்லை. சுற்றி வளைத்தால் பொறுத்துக்கொள். மலைப்பாதையில் வண்டி ஓட்டி ஓட்டி எனக்கு நேராகப் போகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது.

ஆனாலும் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்து கிரிக்கெட் டோர்னமெண்டில் நமக்குக் கடைசி மேட்ச். நீ வர வேண்டும். வந்து பேட் பிடிக்க வேண்டும். இந்த சீசனில் நாம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். இதையும் தோற்றால் அடுத்த வருடம் நம்மைக் கூப்பிட மாட்டார்கள், நம் இடத்தில் வேறு டீம் வந்துவிடும். அதோடு போனால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். போன வாரம் ஊர்க்கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் கிரவுண்டு பேச்சை எடுத்தார். "இத்தன வருசம் ஊர் எடத்தப் பசங்களுக்குன்னு சும்மா போட்டு வெச்சோம். பந்துதான் வெளையல, குச்சிக்கெழங்காவது வெளையட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பழக்க தோஷம். பிறகு எழுந்து நின்று, "இன்னொரு மேட்ச் பாக்கி இருக்குங்க" என்றேன். அவர் நல்ல மனிதர்தான், யோசித்துவிட்டுச் சொன்னார்: "செரி, ஆடிட்டு வாங்க. எப்பிடியும் மழ வந்தாத்தான கெழங்குக் குச்சி நடணும்." ஆக, மழைக்கும் நமக்கும் நடுவில் ஒரே ஒரு ஆட்டம் இருக்கிறது. ஊரில் வானத்தைப் பார்த்து எல்லோரும் மழை வேண்டும் என்று நிற்க, நான் ஒருத்தன் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று நிற்கிறேன். அப்படி ஒரு பாவத்தையும் இந்த வயதில் செய்கிறேன்.

நம் பந்துவீச்சைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். மணி ஓடி வந்து போட்டால் அடிவாரத்துப் பையன்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் பேட்டை வீசுகிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரணியைச் சின்ன ஸ்கோரில் சுருட்டி விட்டு, டெண்டில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது நம் முகத்தில் கல்யாண வீட்டுக் களை இருக்கும். அப்புறம் நாம் பேட் பிடிப்போம். கொஞ்ச நேரத்தில் அதே டெண்டு இழவு வீடாகிவிடும். மைக்கில் வர்ணனை சொல்கிறவர் ஒரு தடவை, "மலை அணியில் இதுவரைக்கும் அதிக ரன் எடுத்து முன்னணியில் இருப்பவர் நம்ம வைடு அவர்கள்" என்று அறிவித்தாரே, நினைவிருக்கிறதா? நீ தலையைக் குனிந்துகொண்டாய். நான் கை தட்டினேன். தட்டாமல் இருந்தால் அழுதிருப்பேன்.

என்னென்ன செய்து பார்த்தோம்! முதலில் ஆடுகிறவனைக் கடைசியிலும் கடைசியில் ஆடுகிறவனை முதலிலும் இறக்கினோம். பேட்டுக்கு எலுமிச்சம்பழம் சுற்றினோம். ஜெர்சி ராசியில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு ஆடினோம். நம்பர் உள்ளே போய்விட்டதால் யார் அவுட் என்று தெரியாமல் ஸ்கோர் எழுதுகிறவர் திண்டாட, "எப்பிடியும் எல்லாரும் அவுட்டுத்தானுங்க, ஒவ்வொண்ணா எழுதிக்குங்க" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். மேனேஜர் என்று என்னை யாரும் நியமிக்கவில்லை. என்னிடம் குட்டியானை வண்டி இருக்கிறது, கிழங்கு ஏற்றாத நாளில் பதினொரு பேரை ஏற்றலாம். அதனால் மேனேஜர் ஆனேன். ஆன பிறகு சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒரே பையனிடம் போகும்போது "நிதானமா ஆடு" என்றும், அவன் இரண்டு பந்து தடவினால் "அடிச்சு ஆடுறா" என்றும் கத்துவேன். மணி ஒருநாள் கேட்டே விட்டான்: "மாமா, நிதானமா அடிக்கட்டுங்களா, அடிச்சு நிதானமா ஆடட்டுங்களா? ஒண்ணு சொல்லுங்க, அதுக்கும் அவுட்டாகிக் காட்டறேன்."

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். வராமல் முடியாது. கடைசி இரண்டு பந்து, மூன்று ரன் வேண்டும். நீயும் சின்னராசும் நிற்கிறீர்கள். பேட் செய்கிற டீம்தான் லெக் அம்பயருக்கு ஆள் தர வேண்டும் என்பதால் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் போய் நின்றிருந்தேன். பந்து உன் காலுக்கு வந்தது. நீ திருப்பி அடித்தாய். அது காற்றில் ஏறி, என் தலைக்கு மேலே, அந்தப் பெரிய காலி இடத்துக்குப் போனது. நான் கையைத் தூக்கினேன். ஒற்றை விரல். நீ என்னைப் பார்த்தாய், பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு டெண்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாய்.

நம் ஊர் கிரவுண்டில் அது அவுட். பள்ளத்துப் பக்கம் காற்றில் போனால் அவுட், முதலில் பார்க்கிறவன் கையைத் தூக்க வேண்டும், அடித்தவன் மறுபேச்சில்லாமல் நடக்க வேண்டும். பள்ளமே இல்லாத அடிவாரத்துக் கிரவுண்டில், சமதரையில், கையில் இரண்டு பந்து இருக்கும்போது, அப்பனும் மகனும் சேர்ந்து நம் ஊர்ச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டோம். நாம் இரண்டு பேர் மட்டும் இல்லை சாமி, டெண்டில் மணி அதற்குள் கிளவுஸ் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். சின்னராசு ஒருத்தனுக்குத்தான் கொஞ்சம் தாமதமாகவாவது புத்தி வந்தது. "மச்சான், ஓடுறா! அவுட்டில்லடா! ஓடு!" என்று அவன் கத்தியது உனக்கு எட்டியபோது நீ பாதி தூரம் போயிருந்தாய். பந்து கோட்டைத் தொடாமல் வாய்க்கால் மேட்டில் முட்டி நின்றிருந்தது. எதிர்ப்பக்கம் நின்றிருந்த பையன் கிரவுண்டு முழுவதும் குறுக்கே ஓடி வந்து எடுத்து எறிந்தான். நீ திரும்பி ஓடி வருவதற்குள் ஸ்டம்ப் சாய்ந்தது. பெரிய ஆட்டங்களில் இப்படித் தப்பாக நினைத்து வெளியே போகிறவனை அம்பயர் திருப்பிக் கூப்பிட வேண்டுமாம். நான் ஓடிப்போய் அந்தப் பக்கத்து அம்பயரிடம் கெஞ்சினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஏனுங்க, உங்க அம்பயரே கையத் தூக்கிட்டாருங்களே, நான் என்னத்தச் சொல்றது?" "அந்த அம்பயர் நான்தானுங்க" என்றேன். "அப்பறம் என்னங்க?" என்றார். மிச்சம் இருந்த ஒரு பந்தில் மூன்று ரன் வரவில்லை, தோற்றோம். மைக்கில் வர்ணனைக்காரர் சும்மா இருந்தாரா? "மலையிலிருந்து வந்த தம்பி டீ குடிக்கப் போனாருங்க, டீ ஆறிப்போச்சுங்க." ஜனம் சிரித்தது. எல்லார் கையிலும் போன் இருந்தது.

அன்று வண்டியில் மேலே வரும்போது நீ பின்னால் நின்றுகொண்டே வந்தாய். ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "எனக்குக் கையே வரலம்மா. நான் பேட்டத் தொட்டா டீமுக்கே தரித்திரம்" என்றாய். மறுநாள் முதல் பஸ்ஸில் பையோடு ஓசூர் போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன், நீ என்னைத் தாண்டித்தான் போனாய். கூப்பிட்டிருக்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான், கை மட்டும் சீக்கிரம் எழும், வாய் மெதுவாகத்தான் வரும்.

உனக்குக் கை வராமல் இல்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனை எழுதுகிறேன். இது அப்பன் சொல்கிற சமாதானம் இல்லை. போன வாரம் கிழங்கு லோடு இறக்கிவிட்டுச் சேந்தமங்கலத்தில் பாத்திரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் மகன் சாதிக்கை உனக்குத் தெரியும், அன்றைக்கு எதிர் டீமின் கேப்டன், ஸ்டம்பைச் சாய்த்ததும் அவன்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"ஏனுங்ணா, தம்பி போனே எடுக்க மாட்டேங்கறான்."

"எனக்கே எடுக்கறதில்ல, உனக்கா எடுப்பான்? ஏந் தம்பி, அன்னைக்கு நீயாவது அவனத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"கூப்பிட்டிருக்கணுமுங்ணா. பந்து கைக்கு வந்துருச்சு, நம்ம பசங்க கத்தறாங்க, அடிச்சுப்போட்டேன். அத்தாகூட ஊட்டுல வெச்சுத் திட்டுனாரு." கொஞ்ச நேரம் ஒரு டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க பசங்க லெக் சைடு அடிக்கறதே இல்லீங்களே, அது ஏதாச்சும் நேர்த்திக்கடனுங்களா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "என்ன சொல்ற?" என்றேன்.

"இல்லீங்ணா, உங்க டீமுன்னா நாங்க அந்தப் பக்கம் ஆளே நிறுத்தறதில்லீங்க. அத்தன பேரும் இந்தப் பக்கம்தான். அடிவாரத்துல எல்லா டீமுக்கும் தெரியும். ரொம்ப வருசமா அப்பிடித்தானுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வண்டியில் ஏறி உட்கார்ந்தவன் சாவியைத் திருகவில்லை. பக்கத்தில் இளநீர் விற்கிற அம்மாள் வந்து, "வண்டி நின்னு போச்சுங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன்.

யோசித்துப் பார் கண்ணு. நம் கிரவுண்டில் ஒரு கோடி மேடு, மறு கோடி இறக்கம். பக்கவாட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பள்ளம். மேட்டுக் கோடியிலிருந்து இறக்கத்தில் ஓடி வந்து போட்டால் பந்து வேகமாகப் போகும் என்று எல்லாப் பந்தையும் அந்த ஒரு முனையிலிருந்தே போடுவோம். அதனால்தான் நம் பையன்கள் பந்து போடுவதில் புலி. எதிர்முனையில் பேட்டோடு நிற்கிறவனுக்கு எப்போதும் முதுகுக்குப் பின்னால், அந்த லெக் சைடில், பள்ளம். முதுகுப் பக்கம் அடித்தால் பந்தும் போச்சு, ஆளும் அவுட். சின்ன வயதிலிருந்து நீங்கள் எல்லாம் முன்பக்கம் மட்டுமே அடித்து வளர்ந்தவர்கள். சின்னராசு ஒருத்தன் இடது கை. அவன் திரும்பி நிற்பதால் அவனுக்கு எல்லாம் தலைகீழ். ஆனால் அவன் அடிப்பதும் பள்ளம் இல்லாத அதே பக்கம்தான். உலகத்தில் எந்த டீமிலும் இடது கைக்காரன் வந்தால் ஃபீல்டர்கள் இடம் மாறுவார்களாம். நமக்கு மட்டும் ஒருத்தரும் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. இதை நானே எத்தனை ஆட்டத்தில் பார்த்திருக்கிறேன்! லெக் அம்பயராக அந்தப் பாதிக் கிரவுண்டில் நான் ஒருத்தன் மட்டும் தனியாக நின்றிருக்கிறேன். ஏன் இங்கே வேறு ஆளே இல்லை என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நம் ஊரிலும் அந்தப் பக்கம் ஆள் நிற்க முடியாதே. பழகிய கண்ணுக்கு அது காலி இடமாகவே தெரியவில்லை.

அந்தச் சட்டம் எதற்கு வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, நீ அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்தாய். பந்தை எடுக்கிறேன் என்று பள்ளத்தில் இறங்கிச் சறுக்கி, ஒரு சில்வர் ஓக் மரத்தின் அடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினாய். நாங்கள் கயிறு கொண்டுவந்து மேலிருந்து எட்டிப் பார்த்தால், நீ அண்ணாந்து சிரிக்கிறாய்: "அப்பா, பந்து கெடச்சிருச்சு!" பந்தை முகவாய்க்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கி வைத்திருந்தாய். உன்னை மேலே இழுத்துப் போட்ட பிறகு முதலில் ஒரு அறை விட்டேன், பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் இறக்கி விடவில்லை. அன்றைக்குத்தான் அப்பன்மார்கள் எல்லாம் கூடி, பள்ளத்துப் பக்கம் அடிக்கவே கூடாது, அடித்தால் அவுட் என்று பையன்களிடம் சத்தியம் வாங்கினோம். நான்தான் சத்தமாகப் பேசினேன். அதற்காக நான் வருத்தப்படுவேன் என்று நினைக்காதே. இன்றைக்கும் ஒரு பிள்ளை அந்த விளிம்பில் நின்றால் அதையேதான் சொல்வேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பள்ளத்தைத் தாண்டி சமதரைக்கு வந்த பிறகு, "இனிமேல் அடிக்கலாம்" என்று யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்ல வேண்டும். நீங்களாகவே தெரிந்துகொள்வீர்கள் என்று நாங்கள் நினைத்தோம். நாங்களே தெரிந்துகொள்ளவில்லை.

ஊருக்கு வந்து பையன்களைக் கூட்டிச் சொன்னேன். மணிதான் முதலில் வாயைத் திறந்தான்: "அப்ப இத்தன வருசம் பாதிக் கிரவுண்ட அவங்களுக்குச் சும்மா குடுத்துருக்கோமா மாமா?" மறுநாளே முனையை மாற்றினோம். பேட் செய்கிறவன் மேட்டுக் கோடியில், பந்து போடுகிறவன் இறக்கத்தில். அப்போது பள்ளம் முன்பக்கம் வந்துவிடும், முதுகுப் பக்கம் அடிக்கப் பழகலாம். சுலபமாக இருக்கிறதில்லையா? மணி மேட்டில் ஏறி ஓடி வந்து போடுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். பையன்கள் முதுகுப் பக்கம் திருப்பினால் பேட் பாதியில் நின்றுவிடுகிறது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி. ஒருத்தன் எப்படியோ நன்றாக அடித்தான். அடித்ததும் மூன்று எட்டு வெளியே நடந்துவிட்டான். எல்லோரும் "அடேய்" என்று கத்தினோம். அவன் நின்று தன் காலையே பார்த்தான். "நாலு நாள்ல எப்பிடி மாமா மாறும்?" என்று சின்னராசு கேட்டான். நான் வீரமாகப் பேட்டை வாங்கி, "இங்க பாருங்கடா, இப்பிடி" என்று வீசிக் காட்டினேன். பந்து ஸ்டம்பில். பேட் கையை விட்டுப் பறந்து பள்ளத்தில். நம் நல்ல பேட் அது. சட்டப்படி நான் அவுட், பேட்டும் அவுட். சிரிக்க வேண்டிய பையன்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. இந்த டீம் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட மறந்துபோன பிறகு என்ன மிச்சம் இருக்கிறது?

உன்னைத் திரும்பி வந்து இங்கேயே இருந்துவிடு என்று கேட்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ ஓசூரில் இரு. போன தடவை இதே ஓசூர் கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டபோது, "மொளகு பறிச்சு முடியட்டும் பாக்கலாம்" என்றேன். மிளகு முடிந்தது, காபி வந்தது, காபி முடிந்தது, கிழங்கு வந்தது. நீ ஒரு தடவைகூட வாதாடவில்லை. என் முகத்தைப் பார்த்தாய், பையைப் பரணில் போட்டாய். நல்ல பிள்ளை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாதிக்கின் கடையிலிருந்து வந்த அன்றைக்குத்தான் அது உறைத்தது. அப்பன் சொன்னால் அவுட் என்று நடந்துபோகிற பிள்ளையை நான் எத்தனை வருடமாக நடக்க வைத்திருக்கிறேன்! உனக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு புத்திமதிதான் இருக்கிறது, அதையும் தோற்றுத்தான் கற்றேன்: அடித்த பிறகு அம்பயரைப் பார்க்காதே. பந்து எங்கே போகிறது என்று பார், ஓடு. அம்பயர் உன் அப்பனாக இருந்தால் இன்னும் வேகமாக ஓடு. கம்பெனியிலும் சரி, நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு வந்தாலும் சரி. யாராவது நிஜமாகவே உன்னை அவுட்டாக்கினால் அப்போது நடந்துகொள்ளலாம், அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பந்தை நீ அடித்ததை நன்றாகப் பார்த்த ஆள் நான் ஒருத்தன்தான். ஜனம் எல்லாம் நீ நடந்ததைத்தான் பார்த்தது, போனில் இருப்பதும் அதுதான். நான் அந்தப் பக்கம் தனியாக நின்றவன். உன் இடது கால் விலகி இடம் விட்டது, தலை அசையவில்லை, பேட் சுற்றி வந்தது. டொக் என்று ஒரு சத்தம், வறண்ட மரத்தில் கோடாலி சரியான இடத்தில் விழுந்தால் வருமே, அந்தச் சத்தம். பந்து என் தொப்பிக்கு மேலே போனபோது காற்று பட்டது. யாரும் உனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராததோடு, கூடாது என்று சொல்லி வளர்த்தோம். அப்படியும் உன் கை அதை அடித்தது. என் கை மேலே எழுவதற்கு முன்னால், கண் இமைக்கிற நேரம்தான் இருக்கும், எனக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது. அடப்பாவி, என் மகன் அடித்துவிட்டான் என்று. அதை நான் உன்னிடம் சொல்வதற்குள் நீ பஸ் ஏறிவிட்டாய்.

மணியால் நாலு நாளில் முடியாது, சின்னராசால் முடியாது. உன்னால் முடியும், ஏனென்றால் நீ ஏற்கெனவே அடித்துவிட்டாய். நீ ஒருத்தன் அந்தக் காலிப் பக்கம் இரண்டு பந்து அடித்தால் போதும், அவர்கள் அங்கே ஆள் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் இந்தப் பக்கம் இடம் கிடைக்கும், மற்றவர்கள் பழகியதையே ஆடிப் பிழைத்துக்கொள்வார்கள். என் மூளைக்கு எட்டிய திட்டம் இவ்வளவுதான். தப்பாகவும் இருக்கலாம், நான் சொன்ன திட்டம் எது சரியாக வந்திருக்கிறது? நீ வந்து சைபரில் அவுட்டானாலும் சரி. நீ அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான். நீ நிற்காமல் நம் ஊர் கிரவுண்டில் கிழங்கு நட்டால், அந்தக் கிழங்கை என் வண்டியில் நான் எப்படி ஏற்றுவேன், சொல்லு.

டீம் பெயர் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்கள். உனக்குப் பதிலாக வேறு பையனைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன், வராதவனை நம்பி எப்படி என்று. சின்னராசு கேட்கவில்லை. "அவன் பேரு இல்லாம நான் ஆடலீங்க மாமா" என்றான். மணியும் அப்படியே சொன்னான். உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார்கள். நீ வராவிட்டால் பத்துப் பேரோடு இறங்குவார்கள். லெக் அம்பயருக்கு என்னைத் தவிர யாரை வேண்டுமானாலும் போடுவதாகவும் முடிவாகிவிட்டது, ஒருமனதாக. நானும் கை தூக்கினேன்.

அம்மா உனக்கு இரண்டு வரி எழுத வேண்டும் என்றாள், பேனாவைக் கொடுத்தேன், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். "வரச் சொல்லுங்க, அவ்வளவுதான்" என்றாள்.

நீ மேலே ஏறி வர வேண்டாம், யார் முகத்தையும் வீட்டில் பார்க்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காளப்பநாயக்கன்பட்டி ஸ்டாப்பில் இறங்கி நில். நாங்கள் பொழுது கிளம்பும்போதே இறங்கிவிடுவோம். வண்டி அந்த இடத்தைத் தாண்டித்தான் கிரவுண்டுக்குப் போக வேண்டும். நீ நின்றால் பின்னால் ஏறிக்கொள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், சொல்லி வைத்திருக்கிறேன். நீ இல்லையென்றாலும் அங்கே வண்டியை நிறுத்துவேன். ஏன் மாமா என்று பையன்கள் கேட்டால் டயரில் காற்று பார்க்கிறேன் என்று சொல்லுவேன். இறங்கி நாலு டயரையும் பார்ப்பேன். ஒவ்வொன்றாக, மெதுவாக, அவர்கள் என்னைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அப்பா